திருவிழாக் காலமும் பல் நலமும்: பிரசாதமும் பலகாரமும் அளவோடு அமையட்டும்

ஆவணி மாதத்தில் விநாயகர் சதுர்த்தி பிறந்துவிட்டால், மலேசிய, சிங்கப்பூர் இந்து ஆலயங்களின் மடப்பள்ளிகளில் அடுப்பு அணைவதில்லை. சதுர்த்திக் கொழுக்கட்டை, நவராத்திரிச் சுண்டல், தீபாவளிப் பலகாரம், கந்த சஷ்டிப் பிரசாதம், கார்த்திகைப் பொரி உருண்டை, மார்கழி வைகறைப் பொங்கல், திருவாதிரைக் களி, தைப்பொங்கல், தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல் என்று ஏறத்தாழ ஆறு மாத காலம் விழாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக அணிவகுத்து வருகின்றன. இறைவனுக்குப் படைத்ததை அடியார்க்குப் பகிர்ந்தளிப்பதும், இல்லம் நாடி வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாதிருப்பதும் நம் முன்னோர் வகுத்த அறங்களாகும்.

எனினும் இந்த ஆறு மாத கால மகிழ்ச்சியின் முடிவில் பல இல்லங்களில் ஒரு துயரமும் எஞ்சி நிற்கிறது. பகலெல்லாம் புத்தாடையுடன் துள்ளித் திரிந்த குழந்தை, நள்ளிரவில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுகிறது. கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் தோய்த்து வைத்துப் பார்க்கிறாள் தாய். விடுமுறை முடிந்து மருத்துவரிடம் அழைத்துச் சென்றால், பல்லை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்கிறார் அவர். "பால் பல்தானே, விழுந்தால் முளைத்துவிடும்" என்று பெரியவர்கள் ஆறுதல் கூறுவர். ஆனால் அஃது அத்தனை எளிதான காரியமன்று. பின்னர் வரவேண்டிய நிலைப்பல்லுக்கு இடம் காத்து வைப்பதே பால் பல்தான். உரிய காலத்துக்கு முன் அதனை இழந்தால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். நிலைப்பல் கோணலாக முளைக்கும். வலியால் குழந்தை உண்பதும் உறங்குவதும் படிப்பதும் குன்றும்.

விழாவைச் சுருக்காமலும், உபசரிப்பைக் குறைக்காமலும் இந்தத் துயரைத் தவிர்க்க முடியுமா என்பதே கேள்வி. முடியும் என்பதற்கு நம் மரபிலேயே போதிய சான்றுகள் உள்ளன.

பல் சொத்தையாவது எவ்வாறு?

"பூச்சி அரித்துவிட்டது" என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். உண்மையில் பல்லை அரிப்பது பூச்சியன்று. வாயில் எப்போதும் குடியிருக்கும் நுண்கிருமிகள் பல்லின்மேல் மெல்லிய படலமாகப் படிந்திருக்கின்றன. நாம் உண்ணும் சீனியே அவற்றுக்கும் உணவு. சீனியை உண்ட கிருமிகள் சில நிமிடங்களிலேயே அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சாகிய எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. பின்னர் நம் உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்து, இழந்த சத்தைச் சிறிது சிறிதாகப் பல்லுக்குத் திருப்பித் தருகிறது. இதற்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும்.

ஆகவே அமிலத்துக்கும் உமிழ்நீருக்கும் இடையே நாள்தோறும் ஒரு போராட்டம் நடைபெறுகிறது எனலாம். உமிழ்நீருக்குப் போதிய அவகாசம் கிடைத்தால் பல் பிழைக்கும். அது கிடைக்குமுன் அடுத்த இனிப்பு வந்து சேர்ந்தால் பல் தோற்கும். இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். எவ்வளவு இனிப்பு உண்டோம் என்பதைப் போலவே, எத்தனை முறை உண்டோம் என்பதும், எவ்வளவு நேரம் அது பல்லில் ஒட்டியிருந்தது என்பதும் முக்கியமானவை.

ஸ்வீடன் நாட்டின் விபெஹோல்ம் மருத்துவமனையில் 1940களின் பிற்பகுதியில் தொடங்கிச் சில ஆண்டுகள் நடைபெற்ற ஆய்வு இதனை ஐயமற நிலைநாட்டியது. நோயாளிகளின் ஒப்புதலின்றி நடத்தப்பட்டமையால் அந்த ஆய்வின் முறை இன்று கண்டிக்கப்படுகிறது. ஆயினும் அதன் முடிவை மருத்துவ உலகம் மறுக்கவில்லை. சாப்பாட்டோடு உண்ட இனிப்பு பற்களைச் சிறிதளவே பாதித்தது. சாப்பாட்டு வேளைகளுக்கு இடையே அடிக்கடி உண்ட, பல்லில் ஒட்டும் மிட்டாய் வகைகளோ பற்களைப் பெரிதும் சொத்தையாக்கின.

ஒரு தீபாவளித் திருநாள்

இதனைத் தீபாவளியன்று ஏழு வயதுச் சிறுவன் ஒருவனின் பொழுதோடு பொருத்திப் பார்க்கலாம். விடியற்காலை எண்ணெய்க் குளியல் முடிந்ததும் வாயில் ஒரு நெய் உருண்டை. இட்லி, தோசையோடு கெட்டிப்பால் கலந்த தேநீர். ஆலயத்தில் பாயசம். அங்கிருந்து பெரியப்பா வீட்டில் லட்டும் பாட்டில் பானமும். அத்தை வீட்டில் ஜிலேபி. அண்டை வீட்டில் அச்சு முறுக்கும் சிராப்பு நீரும். மாலையில் பெற்றோரின் நண்பர்கள் வீட்டுத் திறந்த இல்ல உபசரிப்பில் குலாப் ஜாமூன். இரவு காரில் உறங்கிப் போகுமுன் சட்டைப் பையிலிருந்து ஒரு டாஃபி.

எட்டு முறை இனிப்பு. ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும், நான்கு மணி நேரம் அந்தப் பிஞ்சுப் பற்கள் அமிலத்தில் ஊறியிருக்கின்றன. எல்லாவற்றினும் கொடியது அந்தக் கடைசி டாஃபிதான். உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது பெரிதும் குறைந்துவிடுகிறது. பல் துலக்காமல் உறங்கும் குழந்தையின் வாயில் அமிலத்தைத் தணிக்க யாருமில்லை.

இதே சிறுவன் அதே இனிப்புகளில் சிலவற்றை மதிய உணவின் இறுதியில், ஒரே இலையில் உண்டிருந்தால் பற்களுக்கு நேரும் தாக்குதல் ஒன்றோ இரண்டோதான். வாழையிலை விருந்தில் பாயசமும் இனிப்பும் சாப்பாட்டோடு சேர்த்தே பரிமாறப்பட்டு, தயிரோ மோரோ கொண்டு உணவு நிறைவுறுவதைக் காண்கிறோம். பின்னர் கை கழுவி, வாய் கொப்பளித்து எழுவதே முறை. பல் மருத்துவர் இன்று கூறும் அறிவுரையும் இதற்கு மாறுபட்டதன்று.

எவை நல்லவை? எவற்றில் கவனம் தேவை?

திருவிழா உணவு என்றாலே இனிப்பு என்று எண்ணுவது பிழை. நம் ஆலயங்களின் பிரசாத வரிசையைச் சற்றுக் கூர்ந்து நோக்கினால் பல்லுக்கு இசைவானவை ஏராளமாக இருக்கின்றன.

அவற்றுள் முதலிடம் நவராத்திரிச் சுண்டலுக்கே உரியது. கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, மொச்சை, காராமணி என ஒவ்வோர் இரவும் ஒரு தானியமாக அவித்துத் தாளித்துத் தேங்காய்ப்பூ தூவி வழங்கும் சுண்டலில் சீனி சேர்ப்பதில்லை. பயறு வகைகளின் மாவுச்சத்து மெதுவாகவே சீரணமாவது. மென்று தின்னும்போது உமிழ்நீர் நன்கு சுரக்கிறது. ஒன்பது இரவும் பிள்ளைகள் கை நிறைய வாங்கி உண்டாலும் பல்லுக்குக் கேடில்லை.

அடுத்தது தேங்காய். அர்ச்சனைத் தட்டிலிருந்து திரும்பிவரும் தேங்காய் மூடியைப் பல இல்லங்களில் குளிர்பதனப் பெட்டியில் மறந்துவிடுகின்றனர். அதனைக் கீற்றுகளாக நறுக்கிக் குழந்தைகளுக்குக் கொடுத்தால், இடைவேளைத் தீனிக்கு அதைவிடச் சிறந்தது அரிது. வறுத்த வேர்க்கடலை, பாதாம், முந்திரி ஆகியனவும் இவ்வகையைச் சார்ந்தவையே. ஆயினும் சிறு குழந்தைகளுக்கு முழுக் கடலை கொடுத்தல் ஆகாது. தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு.

பாலும் தயிரும் மோரும் பல்லின் நண்பர்கள். பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் புரதமும் எனாமலைக் காக்க உதவுகின்றன. ஆனால் சீனி சேர்க்காத பாலுக்கே இப்பெருமை பொருந்தும். கெட்டிப்பால் என்று நாம் வாங்கும் டின் பாலில் எடையில் ஏறத்தாழ பாதி சீனியே என்பதை மறத்தல் கூடாது.

மார்கழி வெண்பொங்கல், பெருமாள் கோயில் புளியோதரை, தயிர்ச்சாதம், எலுமிச்சைச் சாதம், உளுந்து வைத்த காரக் கொழுக்கட்டை, மிளகு வடை முதலியன இனிப்பில்லாத பிரசாதங்கள். பழங்களில் கொய்யா, ஆப்பிள், பேரி போன்றவற்றை முழுதாகக் கடித்துத் தின்பது நலம். அவற்றையே சாறாகப் பிழிந்துவிட்டால் பழத்திலுள்ள சீனி எளிதில் பல்லைத் தாக்கும்.

இனிக் கவனம் தேவைப்படுபவை. பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழத்தோடு சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன் யாவும் கலந்துள்ளன. இனிப்பும் ஒட்டுந்தன்மையும் ஒருங்கே அமைந்தது அது. எள்ளுருண்டையிலும் கடலை மிட்டாயிலும் எள்ளும் கடலையும் நல்லவையே. அவற்றைப் பிணைக்கும் பாகுதான் பல்லின் பள்ளங்களில் தங்கிவிடுகிறது. உலர்ந்த திராட்சையும் அவ்வாறே. பொரிவிளாங்காய் உருண்டையைப் பற்றித் தனியே கூற வேண்டும். அதன் கடினத்தைப் பற்றி வீட்டுக்கு வீடு வேடிக்கைப் பேச்சு உண்டு. ஆனால் அடைத்த பல்லும் ஆட்டங்கண்ட பல்லும் உள்ளவர்க்கு அது வேடிக்கையன்று. உடைத்துப் பொடித்து உண்பதே பாதுகாப்பு.

முறுக்கு, ஓமப்பொடி ஆகியன இனிப்பைவிட மேலானவை எனினும் முற்றிலும் குற்றமற்றவை அல்ல. பொரித்த மாவு கடைவாய்ப் பற்களின் குழிகளில் அப்பிக்கொள்ளும். உண்டபின் நீரால் வாய் கொப்பளித்தல் அவசியம். அச்சு முறுக்கோ பெயரால் முறுக்கே ஆயினும் சீனி சேர்ந்த பலகாரமே.

"வெள்ளைச் சீனிதான் கெடுதல்; வெல்லமும் கருப்பட்டியும் தேனும் நல்லவை" என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பல்லைப் பொறுத்தவரை இது மெய்யன்று. கிருமிகள் நிறம் பார்த்து உண்பதில்லை. வெல்லமும் தேனும் சீனியைப் போலவே அமிலமாக மாறுகின்றன.

தண்ணீர்ப்பந்தலில் தண்ணீர் எங்கே?

தைப்பூசத்தன்று பத்துமலை அடிவாரத்திலும், பினாங்கு நகரில் தேர் செல்லும் வழியெங்கும், சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் சாலை வரையிலும் காவடி ஏந்தி வருவோர்க்கும் உடன் வருவோர்க்கும் தாகம் தணிப்பது பெரும் புண்ணியம். பந்தல் அமைக்கும் உபயகாரர்கள் ஊன் உறக்கம் பாராது உழைக்கின்றனர். அவர்தம் தொண்டைக் குறை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று.

எனினும் சில பந்தல்களில் சிராப்பு பண்டோங், மைலோ, பாட்டில் பானம், டின் பால் தேநீர் என்று இனிப்பே நான்கு வகையில் இருக்க, வெறும் தண்ணீர் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடப்பதைக் காண்கிறோம். வெயிலிலும் விரதத்திலும் நா வறண்டு வரும் அடியாரின் வாயில் உமிழ்நீர் குன்றியிருக்கும். அவ்வேளையில் ஊற்றப்படும் இனிப்பு நீர் மற்ற நேரத்தைக் காட்டிலும் கூடுதலாகப் பல்லைத் தாக்கும். முதலில் தண்ணீர், அதன்பின் மற்றவை என்பதே முறையாகும்.

நம் முன்னோர் பந்தல்களில் வைத்த நீர்மோரை நினைவுகூர வேண்டும். தயிரைக் கடைந்து, நீர் பெருக்கி, உப்பும் இஞ்சியும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் சேர்த்த அந்த மோருக்கு ஈடான தாக சாந்தி வேறில்லை. வியர்வையில் இழந்த உப்பையும் அது ஈடு செய்யும். இளநீரில் இயற்கையான இனிப்பு சிறிதே உண்டு. சிராப்பு நீரைவிட அது பன்மடங்கு மேல். பானகம் மரபுவழி வந்தது. அதனை விட்டுவிட வேண்டியதில்லை. வெல்லத்தைக் குறைத்து, சுக்கும் ஏலமும் முன்னிற்கும்படி கலந்து, சிறு குவளையில் வழங்கினால் போதும்.

அரசாங்கங்களும் இவ்விஷயத்தில் வாளாவிருக்கவில்லை. மலேசியாவில் 2019 ஜூலை 1 முதல், 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பாட்டில், டின் பானங்களுக்குக் கலால் வரி விதிக்கப்பட்டது. சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30 முதல் பொட்டலமிட்ட பானங்களுக்கு 'ஏ' முதல் 'டி' வரை தரக்குறியீடு வந்தது. ஓராண்டுக்குப் பின் கடைகளில் உடனுக்குடன் கலந்து விற்கப்படும் பானங்களுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டியில், உணவிலிருந்து பெறும் மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே சேர்க்கப்பட்ட சீனி, தேன், பழச்சாறு முதலியவற்றின் இனிப்பு இருக்க வேண்டும் என்றது. பெரியவர் ஒருவருக்கு இது நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராம், அதாவது 12 தேக்கரண்டி ஆகும். இதிலும் பாதியாகக் குறைத்தால் மேலும் நலம் என்பது அதன் கருத்து.

நிவேதனம் குறைகிறதா?

இவற்றையெல்லாம் கூறும்போது, "சாமிக்குப் படைப்பதில் கணக்குப் பார்ப்பதா?" என்று முதியோர் சிலர் வருந்தக்கூடும். அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. சர்க்கரைப் பொங்கலின்றிப் பொங்கல் இல்லை. மோதகமின்றிச் சதுர்த்தி இல்லை. பஞ்சாமிர்தமின்றி முருகன் அபிடேகம் நிறைவுறுவதுமில்லை. ஆகம முறைப்படி இறைவனுக்கு உரிய நிவேதனத்தில் ஒரு குன்றிமணியும் குறைக்க வேண்டும் என்று எவரும் கூறவில்லை.

குறைய வேண்டியது விநியோகத்தின் அளவே. பிரசாதம் என்பது உள்ளங்கையில் ஏந்தி, கண்ணில் ஒற்றி, சிறிதளவு உட்கொள்வது. ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கலுக்கு உள்ள அருள், ஒரு டப்பா சர்க்கரைப் பொங்கலுக்குக் கூடிவிடுவதில்லை. பிரசாதம் சிறிதாகவும், பசியாற்றும் அன்னதானம் பெரிதாகவும் இருப்பதே பழைய ஒழுங்கு. இன்று சில இடங்களில் பிரசாதமே பொட்டலமாகிப் பெருகிவிட்டதால்தான் தொல்லை.

புராணத்திலும் பல்லைப் பற்றிய செய்தி ஒன்றுண்டு. தக்கன் வேள்வியில் வீரபத்திரரால் பல் தகர்க்கப்பெற்ற பூஷன் என்னும் தேவனுக்கு, வேள்வியில் அரைத்த மாவினாலான அவியே உரியதாயிற்று என்பர். பல் இழந்தவனுக்கும் அவன் உண்ணத்தக்க வடிவில் பங்கு ஒதுக்கிய மரபு நம்முடையது. இன்று அன்னதானப் பந்தியில் அமரும் முதியோர் பலர் பல் இழந்தவர்கள். செயற்கைப் பல் கட்டியவர்கள். அவர்கள் பொருட்டு இட்லி, வெண்பொங்கல், குழைய வெந்த சாதம், அவித்த காய்கறி ஆகியவற்றில் ஒன்றேனும் பந்தியில் இருக்குமாயின், அதுவும் ஒரு வழிபாடே.

வெற்றிலைத் தட்டு

விருந்தின் முடிவில் வைக்கும் தாம்பூலத்தைப் பற்றியும் ஒரு சொல். வெற்றிலை, பாக்கு மங்கலப் பொருள்கள். பூசைத் தட்டில் அவை என்றும் இருக்கும். ஆனால் பாக்கை வழக்கமாக மென்றுவருவது வேறு. புகையிலை சேர்ந்த தாம்பூலமும், புகையிலை சேராத தாம்பூலமும், பாக்கு தனியாகவும் மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட நூலில் வகைப்படுத்தியது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் நம் இந்திய சமூகத்தாரையே, அதிலும் பெண்களை, கூடுதலாகப் பாதித்து வந்துள்ளது. தாம்பூலத்தைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வதோடு நிறுத்திக்கொண்டால் மரியாதைக்குக் குறைவேதும் இல்லை. வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருப்பின், இரண்டு வாரங்களுக்கு மேல் பொறுத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

இல்லத்தாரும் ஆலயத்தாரும் கவனிக்க

இல்லத்தில் கடைப்பிடிக்கத்தக்கவை சில:

இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்து உண்ணுதல். பலகாரத் தட்டை நாள் முழுவதும் மேசைமீது திறந்து வைக்காமல், விருந்தினர் வரும்போது மட்டும் எடுத்து வைத்தல். குழந்தைகளின் இடைத்தீனிக்குச் சுண்டல், தேங்காய்க் கீற்று, பழத்துண்டு ஆகியவற்றைத் தயாராக வைத்திருத்தல்.

இனிப்பு உண்டவுடன் நீரால் வாய் கொப்பளித்தல். எலுமிச்சைச் சாறு, பாட்டில் பானம் போன்ற புளிப்பு வகைகளை அருந்திய உடனே பல் துலக்கலாகாது. அமிலத்தால் இளகியிருக்கும் எனாமல் தேய்ந்துவிடும். அரைமணி நேரமேனும் பொறுத்தல் வேண்டும்.

எத்தனை இரவு ஆனாலும் பல் துலக்காமல் குழந்தையை உறங்கச் செய்யாதிருத்தல். புளோரைடு கலந்த பற்பசை, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி மணியளவும், மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவும் போதுமானது. பாற்புட்டியை வாயில் வைத்தபடி குழந்தையை உறங்கவிடுதல் கூடவே கூடாது.

ஆலய நிர்வாகத்தாரும் உபயகாரர்களும் எண்ணிப் பார்க்கத்தக்கவை வேறு சில:

ஒரே விழாவுக்கு மூன்று உபயகாரர்கள் இருந்தால் மூவரும் இனிப்பே செய்யாதபடி முன்கூட்டியே பேசி, ஒருவர் இனிப்பும் இருவர் சுண்டலும் சாதமும் ஏற்றுக்கொள்ளச் செய்தல். சமய வகுப்புப் பிள்ளைகளுக்கு வழங்கும் பரிசுப் பொட்டலத்தில் மிட்டாய்க்குப் பதிலாக வேர்க்கடலை, பழம், ஒரு பல்துலக்கி ஆகியன வைத்தல். தண்ணீர்ப்பந்தலில் முதல் மேசை தண்ணீருக்கும் நீர்மோருக்கும் உரியதாக இருத்தல். இனிப்பு பானத்துக்குச் சிறு குவளை. பிரசாதம் பெற்றவர் வாய் கொப்பளிக்கக் குழாயடி தூய்மையாக இருத்தல்.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. சில, செலவைக் குறைக்கவும் செய்யும்.

திருவிழா முடிந்து கொடி இறங்கிய பின்னும் ஓர் ஆலயத்தின் நினைவு குழந்தையின் உள்ளத்தில் இனிமையாகத் தங்க வேண்டும். பல் வலியோடு அந்த நினைவு கலந்துவிடலாகாது. அடுத்த ஆண்டு சந்நிதியில் கைகூப்பி நிற்கும் அக்குழந்தை, இறைவனை நோக்கி வாய் நிறையச் சிரிக்கும்போது முத்துப்போல் வரிசையாகப் பற்கள் தெரியுமாயின், பெற்றோர்க்கும் உபயகாரர்க்கும் அதனினும் பெரிய பிரசாதம் வேறு யாது? அவ்வண்ணமே ஆக எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணை நிற்பதாக.